கால்கட்டு

‘பையனுக்குச் சீக்கிரம் ஒரு கால்கட்டு போட்டுடணும்’ என்று நம் வீட்டு அம்மாக்கள் சொன்னால், ஜாதகத்தைத் தூசி தட்டுகிறார்கள் என்று அர்த்தம். ஆனால் பாருங்கள், திங்கட்கிழமை காலை ஏதாவது ஒரு பெரிய ஆபீஸில் லிஃப்ட் பக்கம் கொஞ்ச நேரம் நின்றால், ஜாதகமே பார்க்காமல் கால்கட்டு போட்டுக்கொண்ட பிரம்மச்சாரி ஒருவராவது தேறுவார். ஒரு காலில் ஷூ. மறு காலில் பாண்டேஜும் ரப்பர் செருப்பும். முகத்தில் போர்முனையிலிருந்து திரும்பிய களை.

“என்ன மாப்ளே ஆச்சு?”

“ஃபுட்பால்டா.”

“எவன்டா இடிச்சான்?”

“அதான்டா தமாஷே. ஒருத்தனும் தொடல. நானா திரும்பினேன். ‘டப்’புனு ஒரு சத்தம். அவ்வளவுதான்.”

சுற்றி நிற்பவர்கள் உடனே தீர்ப்பு சொல்வார்கள். ‘கிரகம்’ என்பார் ஒருவர். ‘திருஷ்டி’ என்பார் இன்னொருவர். ‘கிரவுண்டு சரியில்ல’ என்பார் விஷயம் தெரிந்தவர். ‘வயசாயிடுச்சுடா உனக்கு’ என்று ஒரு புண்ணியவான் இருபத்தாறு வயசுக்காரனைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார்.

அந்த ‘ஒருத்தனும் தொடல’ பற்றித்தான் இந்த வாரம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நம்மாட்கள் ஆடுகிற எந்த இடத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். செயற்கைப் புல் போட்ட டர்ஃபை ஒரு மணி நேரத்துக்கு வாடகைக்கு எடுத்திருப்பார்கள். அதில் பத்து நிமிஷம் ஆள் சேராமல் போகும். அஞ்சு நிமிஷம் டீம் பிரிக்கிற தகராறில் போகும். மிச்ச நேரத்தில் வார்ம்-அப் வேறா? ஆளுக்கு இவ்வளவு என்று காசு போட்டிருக்கிறோமே சார், வசூல் பண்ண வேண்டாமா?

இருந்தாலும் வார்ம்-அப்பே செய்வதில்லை என்று சொன்னால் அபாண்டம். என் கண்ணில் பட்டவரை நாலு வகை உண்டு. முதலாவது, ஷூ லேஸைக் குனிந்து கட்டுவது. குனிகிறோம் அல்லவா, அது எக்ஸர்சைஸ் கணக்கில் சேரும். இரண்டாவது, டீக்கடை வரை நடந்துவிட்டு வருவது. மூன்றாவது, ஒரு காலைப் பின்னால் மடித்துப் பிடித்துக்கொண்டு கொக்கு மாதிரி நின்று மறு கையால் செல்போன் பார்ப்பது. நான்காவது, பந்து கையில் கிடைத்த மாத்திரத்தில் இருபது கஜத்திலிருந்து கோல்கீப்பர் மூஞ்சியைப் பார்த்து ஓங்கி உதைப்பது. இதில் வார்ம் ஆவது கோல்கீப்பர் மட்டும்தான்.

திங்களிலிருந்து வெள்ளி வரை நாற்காலி. சனிக்கிழமை கட்டில். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகாலுக்கு மெஸ்ஸி. தொடைக்கு இந்தப் பதவி உயர்வு பற்றி யாரும் முன்கூட்டியே தகவல் சொல்லவில்லை. அது வேறென்ன செய்யும்?

‘டப்’ விஷயத்துக்கு வருவோம். முட்டிக்குள் முக்கியமான ஜவ்வுகள் நாலு. அதில் குறுக்காக ஓடுகிற ஒன்றுக்கு ஏ.சி.எல். என்று பெயர். டிரைவர் சடன் பிரேக் போடும்போது பஸ்ஸில் நிற்கிறவரைக் காப்பாற்றுவது எது? கம்பியைப் பிடித்திருக்கும் கை. ஏ.சி.எல். அந்தக் கை மாதிரி. கீழ்க்கால் எலும்பு முன்பக்கம் நழுவாமலும், கண்டபடி திருகாமலும் பிடித்துக்கொள்கிற வேலை அதனுடையது. முழு வேகத்தில் ஓடுகிறவன் சட்டென்று நிற்கிறான். அல்லது ஹெட் பண்ணக் குதித்து ஒற்றைக் காலில் இறங்குகிறான். ஷூ தரையைப் பிடித்துக்கொண்டது. உடம்பு திரும்பிவிட்டது. முட்டி உள்பக்கமாக மடங்குகிறது. கம்பியிலிருந்து கை விடுபட்டுப் போகிறது.

ஏ.சி.எல். காயங்களில் பெரும்பாலானவை முட்டியில் யாரும் நேராக உதைக்காமல் வருபவை. கேட்க வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் இதில் ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது. எதிரி உதைத்து வந்தது என்றால் எதிரியைத் திருத்த வேண்டும். அது நம் கையில் இல்லை. நாமே திரும்பி, நாமே இறங்கி வந்தது என்றால், திரும்பவும் இறங்கவும் கற்றுக்கொண்டால் போதும்.

ஆபீஸ் மாப்பிள்ளையைப் பற்றி எனக்கு ரொம்பக் கவலை இல்லை. அவருக்கு மெடிக்கல் லீவு உண்டு. கம்பெனி இன்ஷூரன்ஸ் உண்டு. மூன்று வாரம் ‘பாவம்’ என்று காபி வாங்கிக் கொடுக்க நாலு பேர் உண்டு. என் கவலை அடுத்த மைதானத்தில் ஆடும் பையனைப் பற்றி.

வட சென்னை வியாசர்பாடியிலும், கன்னியாகுமரிக் கடலோரம் தூத்தூரிலும் ஃபுட்பால் பொழுதுபோக்கு இல்லை. குடும்பத்தின் எதிர்காலத் திட்டம். பகலில் ஏதோ ஒரு வேலை. சாயங்காலம் பிராக்டீஸ். டிவிஷன் லீகில் ஏதோ ஒரு கிளப். மேட்சுக்கு இவ்வளவு என்று கையில் கொடுப்பார்கள். சில மேட்சுக்குக் கொடுப்பதாகச் சொல்வார்கள். என்றைக்காவது ரயில்வேயிலோ பேங்கிலோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை கிடைத்துவிட்டால் வீடு நிமிர்ந்துவிடும். மற்ற பையன்களுக்கு டிகிரி சர்டிபிகேட் எப்படியோ, அவனுக்கு முட்டி அப்படி. டிகிரி சர்டிபிகேட்டையாவது லாமினேட் பண்ணி பீரோவில் வைக்கலாம்.

பி.காம். படித்த புத்தி, எனக்கு எதையும் பற்று வரவில் போட்டுப் பார்த்தால்தான் மனசு ஆறும். ஏ.சி.எல். அறுந்தால் தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு லட்சத்தில்தான் பேச்சு ஆரம்பம். அதன் பிறகு குறைந்தது ஒன்பது மாசம் மேட்ச் கிடையாது. அவசரப்பட்டு அதற்கு முன்னால் இறங்கினால் மறுபடி அறுந்துபோகிற ஆபத்து அதிகம். ஒன்பது மாசம் என்றால் ஒரு முழு சீஸன். அந்த சீஸனில்தான் செலக்ஷன் என்றால் அந்த வேலையும் போச்சு. இது பற்று.

வரவுப் பக்கம் என்ன எழுதலாம்? இருபது நிமிஷம்.

விளையாடவில்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன். உலக ஃபுட்பாலின் பெரிய வீடான ஃபிஃபாவின் மருத்துவக் குழு, நார்வேயிலும் அமெரிக்காவிலும் உள்ள நிபுணர்களோடு உட்கார்ந்து 2006-ல் ஒரு வார்ம்-அப் முறையை உருவாக்கியது. பெயர் ‘லெவன் பிளஸ்’. மொத்தம் 15 பயிற்சிகள். முதல் எட்டு நிமிஷம் மெதுவான ஓட்டம், இடுப்பை உள்ளேயும் வெளியேயும் சுழற்றுவது, ஜோடியாகத் தோள் இடித்துக் குதிப்பது. அடுத்த பத்து நிமிஷம் வயிறு, தொடைக்கு வேலை, ஒற்றைக் காலில் பேலன்ஸ், குதித்து இறங்குவது. கடைசி ரெண்டு நிமிஷம் வேகமாக ஓடித் திரும்புவது. தேவையான கருவி பந்து ஒன்றுதான். அது இல்லாமலா மைதானத்துக்கு வருகிறோம்?

இதில் உயிர்நாடியான சங்கதி, இறங்கும்போதும் திரும்பும்போதும் முட்டி உள்பக்கம் சாயக்கூடாது. இடுப்பு, முட்டி, பாதம் மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கோச் எதிரே நின்று ‘முட்டி... முட்டி...’ என்று கத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கத்துவதற்கு நம் கோச்சுகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா என்ன?

பலன் உண்டா? நார்வேயில் 125 கிளப்புகளைச் சேர்ந்த, 13 முதல் 17 வயதுக்குள் இருந்த 1,892 பெண்களை வைத்து ஒரு சீஸன் முழுக்கச் சோதித்தார்கள். பாதி கிளப்புக்கு லெவன் பிளஸ். மீதிக்கு வழக்கமான வார்ம்-அப். 2008-ல் வெளியான முடிவுப்படி, பலத்த காயங்கள் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்திருந்தன.

“சார், அது நார்வே. பால், வெண்ணெய், பனி. நம்ம ஊரு கதையே வேற” என்று நீங்கள் சொல்வீர்கள் என்று தெரியும். அதனால் நைஜீரியாவுக்கு வாருங்கள். லாகோஸ் நகரம். நம்மூர் மாதிரியே வெயில், நெரிசல், கையில் காசில்லாத டீம்கள். அங்கே ஜூனியர் லீகில் 20 டீம், 14 முதல் 19 வயது வரை 416 பையன்கள். ஆறு மாசம் பார்த்தார்கள். லெவன் பிளஸ் செய்த டீம்களில் காயங்கள் 41 சதவிகிதம் குறைவு. இது 2014-ல் வெளியானது. வெண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை!

பின்தொடை பிடித்துக்கொண்டு நொண்டியபடி வெளியே வருகிறவர்களுக்காக, இதற்குள்ளேயே ஒரு தனி மருந்து இருக்கிறது. மண்டி போட்டு நிமிர்ந்து நில்லுங்கள். பின்னால் ஒருவர் இரண்டு கணுக்காலையும் அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். இடுப்பை மடக்காமல், பலகை மாதிரி மெள்ள மெள்ள முன்னால் சாயுங்கள். முடிகிறவரை தாக்குப்பிடித்துவிட்டு, கடைசியில் கைகளை ஊன்றிக்கொள்ளுங்கள். ‘நார்டிக்’ பயிற்சி என்று பெயர். டென்மார்க்கில் 50 டீம்களில், தொழில்முறை ஆட்டக்காரர்களும் அமெச்சூர்களுமாக 942 பேரிடம் சோதித்தார்கள். 2011-ல் வெளிவந்த கணக்கு: இதைச் செய்யாத டீம்களில் 52 ஹேம்ஸ்ட்ரிங் காயம், செய்த டீம்களில் 15. முதல் நாளே முப்பது தடவை செய்து வீரம் காட்ட வேண்டாம். மறுநாள் மாடிப்படி இறங்கும்போது என்னைத் திட்டுவீர்கள். அஞ்சில் ஆரம்பித்து வாராவாரம் கூட்டுங்கள்.

வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு இருபது நிமிஷம், 52 வாரம். பெருக்கினால் வருஷத்துக்கு 52 மணி நேரம். எதிர்ப்பக்கம் ஒன்பது மாசமும் லட்சமும் ஒரு வேலையும். இந்த பாலன்ஸ் ஷீட்டுக்கு ஆடிட்டர் தேவையில்லை.

பள்ளிக்கூடப் பையன்கள் கதை இன்னும் விசேஷம். ‘அண்டர் 14’ டோர்னமென்ட்டில் சில டீம்களைப் பார்த்தால், காலையில் ஷேவ் பண்ணிக்கொண்டு வந்த தழும்புகூட ஆறியிருக்காது. பர்த் சர்டிபிகேட் மட்டும் பால் மணம் மாறாமல் இருக்கும். சிரிக்கலாம்தான். ஆனால் அந்த மீசைக்கார ‘சிறுவன்’ முழு வேகத்தில் வந்து மோதுவது நிஜமான பதிமூன்று வயசுக் குழந்தைமேல். மேட்சை ஏமாற்றி ஜெயிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இன்னொருத்தர் வீட்டுப் பிள்ளையின் எலும்பை வைத்தல்லவா ஏமாற்றுகிறோம்?

நன்றாக ஆடுகிற பையனுக்கு இன்னொரு கஷ்டம். ஸ்கூல் டீமில் அவன். கிளப்பில் அவன். மாவட்ட டீமில் அவன். ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காரர்களின் செவன்ஸ் மேட்சிலும் அவனே. நாலு கோச்சுக்கும் அவன் தன் ஒருத்தருடைய பையன் என்று நினைப்பு. நாலு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதில்லை. வளர்கிற வயசில் முட்டிக்குக் கீழே எலும்பு லேசாகப் புடைத்து வலிக்க ஆரம்பித்தால், அது ஓவர்டைம் செய்த உடம்பு கொடுக்கிற லீவ் லெட்டர். ‘வளர்ற வலிடா, ஓடு’ என்று அதைக் கிழித்துப் போடாதீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது பந்தைப் பூட்டி வையுங்கள்.

சரி, எல்லாம் செய்தும் அடிபட்டுவிட்டது. இங்கேதான் நம் ஜனங்களின் கருணை பொங்குகிறது. கணுக்கால் பிசகியவனைச் சுற்றி அஞ்சே நிமிஷத்தில் ஆறு டாக்டர்கள். ஒருத்தர் தைலத்தைத் தேய்த்துக் கரகரவென்று உருவுவார். இன்னொருத்தர் வெந்நீர் ஒத்தடத்துக்கு ஆள் அனுப்புவார். மூன்றாமவர் பெருவிரலைப் பிடித்து ‘ஒண்ணுமில்ல, சொடக்குதான்’ என்று இழுப்பார். நாலாமவர், ‘எழுந்து ஓடு, சரியாப் போயிடும்!’

புதுசாகப் பட்ட அடிக்கு முதல் ரெண்டு மூன்று நாள் சூடும் ஆகாது, உருவுவதும் ஆகாது; வீக்கம்தான் கூடும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15, 20 நிமிஷம் வைக்கலாம். எலாஸ்டிக் பாண்டேஜ் சுற்றி, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்கலாம். எக்ஸ்-ரே வேண்டுமா என்று சந்தேகமா? கனடாவில் 1992-ல் டாக்டர்கள் ஒரு விதி வகுத்தார்கள். கணுக்கால் எலும்பின் நுனியிலோ அதன் பின் ஓரத்திலோ அமுக்கினால் வலிக்கிறதா, அல்லது அடிபட்ட காலை ஊன்றி நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லையா — உடனே எக்ஸ்-ரே. நாலு அடி! ஊர் டாக்டர்கள் ஆறு பேரையும்விட அந்த நாலு அடிக்கு விவரம் ஜாஸ்தி. ‘டப்’ சத்தம் கேட்டு, சில மணி நேரத்துக்குள் முட்டி வீங்கினால் அதையும் ‘சுளுக்கு’ என்று மூடி மறைக்க வேண்டாம். நேரே எலும்பு டாக்டர்.

தலையில் அடி என்பது வேறு அத்தியாயம். 2014 உலகக் கோப்பை ஃபைனல், ரியோ நகரம். ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் எதிரணி வீரரின் தோளில் தலை மோதி விழுந்தார். எழுந்தார். தொடர்ந்து ஆடினார். கொஞ்ச நேரம் கழித்து ரெஃப்ரியிடம் போய், ‘இது ஃபைனல்தானே?’ என்று கேட்டார். உலகமே பார்த்துக்கொண்டிருந்த மேட்சில், ஆடிக்கொண்டிருந்தவருக்கு மட்டும் அது என்ன மேட்ச் என்று தெரியவில்லை! ரெஃப்ரி விஷயத்தைச் சொன்ன பிறகுதான் 31-வது நிமிஷத்தில் அவரை வெளியே எடுத்தார்கள்.

அவ்வளவு கேமரா, அவ்வளவு டாக்டர் இருந்த இடத்திலேயே இந்தக் கூத்து. நம்மூர் மேட்சில் மூஞ்சியில் தண்ணி தெளித்து, ‘இது எத்தனை விரல்?’ என்று கேட்டு, ‘ரெண்டு’ என்று சொன்னவுடன் உள்ளே தள்ளிவிடுகிறோம். விதி ரொம்ப எளிது. தலையில் அடிபட்டுக் கொஞ்சம் தடுமாறினாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. அவன் நல்லாயிருக்கேன் என்று சொல்வான். அவனிடம் கேட்கவே கூடாது; அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில்தானே அடிபட்டிருக்கிறது? தலையில் அடிபட்டவருக்காகவே தனியாக ஒரு மாற்று ஆட்டக்காரரை இறக்கிக்கொள்ள, போட்டி நடத்துகிறவர்கள் விரும்பினால் அனுமதிக்கலாம் என்று 2024-லிருந்து ஆட்ட விதியிலேயே சேர்த்துவிட்டார்கள்.

டோர்னமென்ட் நடத்துகிற பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆள் உயரக் கோப்பை வாங்குகிறீர்கள். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை, மைக் செட், ஃபிளக்ஸ் பேனர், ஃபைனலுக்குச் சரவெடி. ரொம்ப சந்தோஷம். ஐஸ் பெட்டி எங்கே? ஸ்ட்ரெச்சர் எங்கே? நெஞ்சை அமுக்கி முதலுதவி செய்யத் தெரிந்த ஒரே ஒரு ஆள் எங்கே?

2004 டிசம்பர் 5-ம் தேதி, பெங்களூர் கண்டீரவா மைதானம், ஃபெடரேஷன் கோப்பை ஃபைனல். டெம்போ கிளப்புக்காக ஆடிய பிரேசில்காரர் கிறிஸ்டியானோ ஜூனியர் தன் இரண்டாவது கோலை அடித்தார். கோல்கீப்பரோடு மோதி விழுந்தார். எழுந்திருக்கவே இல்லை. 2021 ஜூன் 12, கோபன்ஹேகன். டென்மார்க்கின் எரிக்சன் யாரும் மோதாமலே மைதானத்தில் சரிந்தார், இதயம் நின்றுவிட்டது. அங்கேயே நெஞ்சை அமுக்கினார்கள். இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் பிழைத்தார். அடுத்த வருஷமே திரும்பி வந்து ஆடினார். எல்லா டோர்னமென்ட்டிலும் அந்தக் கருவியை வாங்கி வைக்க முடியாதுதான். 108-க்குப் போன் போடுவதற்கும், ஆம்புலன்ஸ் வரும்வரை நிமிஷத்துக்கு நூற்றிலிருந்து நூற்றிருபது தடவை நெஞ்சின் நடுவில் பலமாக அமுக்குவதற்கும் ஸ்பான்ஸர் தேவையில்லை. கற்றுக்கொண்ட ரெண்டு பேர் போதும். கோப்பை ஒரு அடி குறைந்தால் ஜெயித்தவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தூக்கிக்கொண்டு ஓடுவதற்கும் சுலபம்.

ஆக, வருகிற ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யலாம்? டர்ஃப் வாடகை ஆறு மணிக்குத்தானே ஆரம்பிக்கிறது? அஞ்சு நாற்பதுக்கு வாருங்கள். டூ வீலர் நிறுத்துகிற இடம் போதும். அதற்கு யாரும் மணிக்கணக்கில் காசு கேட்பதில்லை. வரிசையாக நின்று இருபது நிமிஷம். கேப்டன் முதலில் செய்தால் மற்றவர்கள் தானாகச் செய்வார்கள். ஒரு வாரம் செய்துவிட்டு ஒன்றும் தெரியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். ஒழுங்காகச் செய்த டீம்களுக்குத்தான் அதிகப் பலன் கிடைத்திருக்கிறது.

பக்கத்து டீம் சிரிப்பார்கள். ‘என்னடா, டிரில் கிளாஸா?’ என்பார்கள். சிரிக்கட்டும். 1874-ல் இங்கிலாந்தில் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் டீமின் சாம் விடோசன் என்பவர், கிரிக்கெட் பேடை வெட்டிச் சின்னதாக்கிக் கெண்டைக்கால் முன்னால் கட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கினார். பார்த்தவர்கள் எல்லாரும் கைகொட்டிச் சிரித்தார்கள். இன்றைக்கு அந்த ஷின் கார்டு இல்லாவிட்டால் உங்களை ரெஃப்ரி உள்ளேயே விடமாட்டார்!